மில் லைனில் மேய்ந்த கிடா

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரயில் பாதை இருந்தது. அதில் ரயில் ஓடி நான் பார்த்ததில்லை. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே ரயில் நின்றுவிட்டது. விவரம் தெரிந்தபோது தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். ஆனாலும் ரங்கூனில் நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தால், அந்தப் பாதை வரிசையில் முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு அடுத்தபடி ஒரு கிடா நிற்கிறது.

அந்தப் பாதைக்கு மில் லைன் என்று பெயர். ஆற்றங்கரையில் வரிசையாக இருந்த அரிசி ஆலைகளையும் பெரிய லைனையும் இணைக்க வெள்ளைக்காரன் போட்டது. வெள்ளைக்காரன் போட்டது என்பது ஒரு பேச்சுக்குத்தான். மண் சுமந்து, கட்டை அடுக்கி, தண்டவாளம் தூக்கியதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த எங்கள் ஆட்கள். அப்பாவின் பாட்டன் அதில் ஒருவர். நெல் ஏற்றிக்கொண்டு போன வண்டி அரிசி ஏற்றிக்கொண்டு திரும்புமாம். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அரிசிக்குப் பதில் மரம் வந்தது, மரத்துக்குப் பதில் எண்ணெய்ப் பீப்பாய் வந்தது, கடைசியில் காலி வண்டி ஒன்று போய்விட்டுக் காலியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. எண்பத்தெட்டில் பட்டாள ஆட்சியை எதிர்த்து ஊர் கொந்தளித்தபோது அதுவும் நின்றது. நின்றது நின்றதுதான்.

பெரிய லைனிலிருந்து மில் லைன் பிரிகிற இடத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில் முனி இருந்தார். மூன்று கல், ஒரு சூலம், அவ்வளவுதான் அவர் சொத்து. லைனுக்குக் காவலாக எங்கள் ஆட்கள் வைத்த சாமி. வண்டி அந்த இடத்தைத் தாண்டும்போது டிரைவர் ஊதல் கொடுத்து, ஒரு சுருட்டையும் வீசிவிட்டுப் போவார். டிரைவர் பர்மியராக இருந்தாலும் ஊதலும் சுருட்டும் தவறாது. ஆடி மாதம் முனிக்குப் பூசை. நேர்ந்துகொண்டவர்கள் கிடா வெட்டுவார்கள்.

நேர்ந்த கிடாவைக் குட்டியிலேயே காதில் கீறி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, லைனில் விட்டுவிடுவது வழக்கம். அது யார் வீட்டுக் கீரையை மேய்ந்தாலும் கைநீட்டக்கூடாது. ரயில் ஓடிய காலத்தில் சில கிடாக்கள் ஆடி வரைக்கும் தங்காமல் வண்டியில் அடிபட்டுப் போவதும் உண்டு. அப்போது, "முனிக்கு அவசரம், முன்னாடியே எடுத்துக்கிட்டாரு" என்று சொல்லி, நேர்த்தி தீர்ந்ததாக வைத்துக்கொள்வார்கள். ரயில் நின்ற பிறகு அந்த வசதியும் போயிற்று.

எனக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஐஸ் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், நான் கண் திறக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, கொட்டுகிற மழையில் முனி மரத்தடிக்கு ஓடிப்போய், "எம்புள்ளய விட்டுடு, ஒனக்கு ஒரு உசிரு தாறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு கேட்டாளாம். நான் கண் திறந்தேன். மறு வாரமே கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட கிடாக்குட்டி ஒன்று காதில் கீறலோடு மில் லைனில் இறங்கியது. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு மாமா சொல்லித் தெரிந்துகொண்டது. நேர்த்தி தீரும் வரை அதைப் பிள்ளையின் காதில் போடக்கூடாது என்பது அம்மாவின் கட்சி. அதனால் அந்தக் கிடா எனக்காக வந்த கிடா என்பது, என்னைத் தவிர பேட்டையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதே வருஷம்தான் மில் லைன் வேறு வேஷம் கட்டியது. பேட்டை ஆபீசிலிருந்து ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். இனி அந்த இடம் பொதுமக்கள் காலாற நடந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பாதை ஆகப்போகிறது. வீட்டுக்கு ஒருவர் மனமுவந்து வேலைக்கு வரவேண்டும். மனம் உவக்காதவர்கள் ஆபீசுக்கு வந்து காரணம் சொல்லவேண்டும். எல்லாருக்கும் மனம் உவந்துவிட்டது.

அப்பா ரயில்வேயில் பிட்டர். லீவு நாளில் போய், துருப்பிடித்த தண்டவாளத்தைப் பெயர்த்து, அந்த இடத்தில் செம்மண் சரளை கொட்டிவிட்டு வந்தார். "எம்பாட்டன் போட்டாரு, நான் பெயர்க்கிறேன். எங்க குடும்பத்துக்கு இந்த லைன விட்டா வேற வேலையே இல்ல போல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை. பழைய சிலிப்பர் கட்டைகளில் சிலவற்றைப் பாதையோரம் பெஞ்சாகப் போட்டார்கள். மீதிக் கட்டைகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற காலமா அது.

மழை நின்றதும் நடக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். கான்வாஸ் ஷூ போட்ட மாமாக்கள், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய அத்தைகள், கையை முன்னும் பின்னும் வீசி நடக்கும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள். ஒரு வேலையும் இல்லாமல், ஒரு ஊருக்கும் போகாமல், போன வழியே திரும்பி வருவதற்காக மனிதர்கள் நடப்பதை எங்கள் தெரு அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பர்மிய மொழியில் ஆசிரியைக்குச் சயாமா என்று பெயர். நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல்.

சயாமாவும் அவர் கூட்டமும் கிடாவைப் பார்த்தார்கள். உடைமைக்காரர் இல்லாமல், கயிறில்லாமல், கழுத்தில் மஞ்சள் துணியோடு திரிகிற ஆடு. அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை. பர்மியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கசாப்புக்குப் போகிற உயிரை வாங்கி, 'இனி உனக்குப் பயமில்லை' என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அதற்குப் பேமெ என்று பெயர். அப்படி விட்ட உயிரைச் சாகும் வரை யாரும் தொடக்கூடாது; தொட்டால் ஏழு பிறவிக்கும் பாவம். நாங்கள் வெட்டுவதற்காக ஆட்டை விடுகிற ஜாதி. அவர்கள் வெட்டாமல் இருப்பதற்காக ஆட்டை விடுகிற ஜாதி. விடப்பட்ட ஆட்டுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இப்படி ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு, இரண்டு வருஷம் நாங்கள் மிகவும் அன்பாக இருந்தோம். அவர்கள் தினமும் காலையில் வாழைப்பழமும் அவித்த பட்டாணியும் கொண்டுவந்து கிடாவுக்குக் கொடுத்தார்கள். கிடா உருண்டு திரண்டு வந்தது. "நம்ம முனி மேல எம்புட்டு மருவாதி பாரு இந்த ஜனங்களுக்கு. தங்கமான மனுசங்க" என்று அம்மா உருகினாள். ஒருநாள் சயாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஆட்கள் இந்த ஆட்டை ஒரு கல் கூட எறியாமல் காப்பாற்றுகிறீர்கள், உங்களுக்குப் பெரிய புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அவர்கள் ஒரு தகரத் தகடு செய்து, பேமெ என்று எழுதி, கிடாவின் கழுத்தில் மஞ்சள் துணிக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் பர்மிய எழுத்து சரியாக வராது. முனியின் பேரைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு அது பள்ளிக்கூடத்துக்குத் துணை. நான் பாதையில் இறங்கினால் பின்னாலேயே வரும். என் பையில் இருக்கும் ரொட்டித் துண்டு அதற்குத் தெரியும். முனிக்குக் கிடா வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வெட்டுகிற கிடா வேறு, இந்தக் கிடா வேறு என்று நானாகவே முடிவுசெய்து வைத்திருந்தேன்.

முந்தின ஆடியில் கிடா இன்னும் வளரட்டும் என்று விட்டிருந்தார்கள்; வேறு யாருக்கும் நேர்த்தியும் இல்லை. என் எட்டாவது வயதில் அடுத்த ஆடி பிறந்தது. அவர்களுக்கு அது வாசோ மாதம். பௌர்ணமியோடு அவர்களுடைய விரத காலம் தொடங்கிவிடும். ஈ எறும்பைக்கூடப் பார்த்து மிதிக்கிற மாதங்கள். எங்கள் கிடா வெட்டு எப்போதும் அதற்குள்தான் போய் விழும். முன்பெல்லாம் முனி மூலையில் ஆள் நடமாட்டம் கிடையாது, யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அங்கே பெஞ்சு போட்டிருந்தது.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். வருஷத்தில் ஒரே ஒரு நாள் முனிக்குப் பூசாரி. அந்த ஒரு நாள் மிடுக்கை வைத்துக்கொண்டு மற்ற நாட்களையும் ஓட்டுவார். ஒரு வாரமாகவே அவருக்குக் கிடா நினைப்புதான். "கெடா மழையில நனையுதே, சளி புடிச்சிறப் போவுது" என்று அவர் கவலைப்பட்டபோது, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுதாக்கும்" என்று அம்மா கேலி செய்தாள். நான் பள்ளிக்கூடச் சீருடையான பச்சை லுங்கியைக் கட்டிக்கொண்டு நின்றவள், ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே கூடச் சிரித்தேன்.

பூசையன்று காலை தூறல். மாமா கையில் மாலை, அப்பா கையில் கயிறும் மஞ்சள் தண்ணீர்ச் செம்பும். பின்னால் எங்கள் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர், கடைசியில் பள்ளிக்கூடப் பையோடு நான். கிடா பெஞ்சுக்கு அருகே குடை பிடித்த அத்தைகளின் நடுவில் நின்று பழம் தின்றுகொண்டிருந்தது. மாமா மாலையைப் போட்டதும் அத்தைகளுக்கு ஒரே சந்தோஷம். சயாமா கைதட்டினார்.

"எவ்வளவு அழகாக இருக்கிறது! இன்றைக்கு இதற்கு விசேஷமா?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

"விசேஷந்தான் சயாமா" என்று மாமாவும் தன் துறைமுகத்துப் பர்மிய மொழியில் பதில் சொல்லி, விரலைக் கழுத்தின் குறுக்கே இழுத்துக் காட்டினார். அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனசு அவருக்கு. "மத்தியானம் எல்லாரும் சாப்பிட வந்துருங்க" என்றும் அழைத்தார்.

"அமலே!" என்று ஒரு அலறல். சயாமா குடையைப் போட்டுவிட்டு, ஈரச் செம்மண்ணில் அப்படியே உட்கார்ந்து கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "பயமில்லை என்று விட்ட உயிர் இது! விட்டதை யாராவது திரும்பப் பிடிப்பார்களா?"

"நாங்க விட்டதே புடிக்கத்தான்!" என்றார் மாமா.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அப்பா பதற்றத்தில் செம்பைச் சாய்த்துவிட, மஞ்சள் தண்ணீர் கிடாவின் முதுகில் கொட்டியது. கிடா உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. தண்ணீர் தெளித்துக் கிடா துலுக்கிவிட்டால் முனி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். "துலுக்கிருச்சு! உத்தரவு ஆயிருச்சு!" என்று மாமா கூவிக்கொண்டே அப்பாவிடமிருந்து கயிற்றை வாங்கிக் கிடாவின் கழுத்தில் மாட்ட, பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள்.

"பயத்தில் நடுங்குகிறது, பாவிகளா!" என்றார் சயாமா.

"மழைல நனைஞ்சா எந்த ஆடும் துலுக்கத்தான் செய்யும் மச்சான்" என்று அப்பா மெதுவாக மாமாவின் காதில் சொன்னார். அவர் கண் பேட்டை ஆபீஸ் பக்கமே இருந்தது. நாலு பேர் கூடி நின்றாலே என்ன ஏது என்று வந்து கேட்கிற நாட்கள். மூன்று தலைமுறையாக அங்கே இருந்தும் எங்கள் அடையாள அட்டை முழுக் குடிமக்களுடைய நிறத்தில் இல்லை. ஓர் ஆட்டுக்காக வேலைக்கே உலை வைத்துக்கொள்ளப் போகிறோமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. வெட்டப்போகிற கிடாவும் இந்தக் கிடாவும் ஒன்றே என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பையை வீசிவிட்டு ஓடிப்போய், சயாமா ஒரு பக்கம் என்றால் நான் மறுபக்கம், கிடாவைக் கட்டிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேர் முன்னால் அவர்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

"வெட்டாதீங்க மாமா! இதுக்குப் பதிலா என்னைய வெட்டுங்க!"

குலவை நின்றுவிட்டது. மாமாவின் வாய் திறந்தபடி இருந்தது. அதற்குள் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் வாயைக் கையால் பொத்தினாள். உதட்டில் பல் குத்தும் அளவுக்கு அழுத்தம். அடிக்கப்போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மாவின் முகம் எனக்குத் தெரியாத வேறு யாருடைய முகமோ போல இருந்தது.

"கயித்த அவுரு அண்ணே" என்றாள்.

"வெளையாடுறியா? நேந்தது தங்கச்சி. ஒரு உசுருக்கு..."

"புள்ள நிக்கிறா. வாய மூடு. அவுருன்னா அவுரு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். மாமா கொஞ்ச நேரம் கயிற்றை விடாமல்தான் நின்றார். பிறகு அவரே முடிச்சை அவிழ்த்தார். சயாமா அம்மாவின் காலில் விழுவது போலக் குனிந்து, "ஞீமா, ஞீமா" என்று அழுதார். ஞீமா என்றால் தங்கச்சி. அம்மா அவரைத் தூக்கி நிறுத்தி, சேலை முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

முனிக்கு அன்று ஒரு பூசணிக்காய் வெட்டப்பட்டது. குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, மாமா வேண்டாவெறுப்பாக ஒரே போடு போட்டார். "பூசணிக்காக் கொழம்புக்கா லீவு போட்டு வந்தோம்" என்று ஒருவர் முனகினார். அந்தக் குழம்பைச் சாப்பிடச் சயாமாவும் அத்தைகளும் வந்து பந்தியில் உட்கார்ந்து, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்களை அழைத்தது மாமாதானே.

எல்லாரும் சாப்பிடும்போது அம்மா முனியின் மூன்று கல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற மாமாவுக்கு மட்டும் கேட்டது. அவர் எனக்குச் சொன்னது இத்தனை வருஷம் கழித்து: "ஒனக்கு ஆடும் வேணாம், எம்புள்ளயும் வேணாம். எங்காலு ரெண்டு இருக்கு. செவ்வா, வெள்ளி ஒன் எடத்துலேருந்து ஆத்தங்கர வரைக்கும் செருப்பில்லாம நடந்து திரும்புறேன். அவ ஒடம்பு சொகமில்லன்னா அன்னைக்கும் நடக்கிறேன். நான் இருக்கிற மட்டும் நடக்கிறேன். கணக்குப் பாக்காத சாமி."

முனி கணக்குப் பார்க்கவில்லை. நான் இன்றைக்கும் இருக்கிறேன். கிடாவும் வயசாகித் தானாகச் செத்த நாள் வரை மில் லைனில் ராஜாவாகத் திரிந்தது. பேட்டை ஆபீஸ் வைத்த பூச்செடியெல்லாம் அதன் வயிற்றில்தான் பூத்தது. சயாமா இல்லாமல் என் பள்ளிப்படிப்பு இல்லை. பிற்பாடு கணக்கைக் காதைத் திருகி ஏற்றியவர் அவர்தான். அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்வது எளிது, சொல்லியும் இருக்கிறேன். அம்மாவுக்குத்தான் எப்படிச் சொல்வதென்று கடைசி வரை தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தால், "போடி, வேல கெடக்கு" என்று போய்விடுவாள்.

அந்த ஆடிக்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அம்மா நடக்க ஆரம்பித்தாள். நடக்கிற அத்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம், தங்கள் கூட்டத்தில் ஓர் ஆள் கூடிவிட்டது என்று. சரளை குத்துமே என்று சயாமா ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு போனாள். "அம்மா எளைச்சு சினிமால சேரப் போவுது" என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். இரவில் விளக்கெண்ணெய் தடவிக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். நடந்தால் வலிக்கத்தானே செய்யும், யார் நடக்கச் சொன்னது என்று நினைத்துக்கொள்வேன்.

பத்து வயதில் எனக்கு மறுபடி காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் உடம்பு அனலாகக் கொதித்தது. வெளியே நல்ல மழை. எனக்கு அம்மாவின் மடி வேண்டும். அவளோ தண்ணீர்த் துணியை நெற்றியில் போட்டுவிட்டு எழுந்தாள். சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "கொஞ்ச நேரந்தான் கண்ணு, நடந்துட்டு வந்துர்றேன்" என்று மழையில் இறங்கிவிட்டாள். அன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை.

பார்க்க வந்த சயாமாதான் என் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மாற்றினார். அவருக்கும் அம்மா மேல் கோபம். "பிள்ளைக்கு இப்படிக் கொதிக்கும்போது ஒருநாள் உடற்பயிற்சி செய்யாவிட்டால் என்ன?" என்றார்.

"எங்கம்மாவுக்கு என்னையவிட நடக்கிறதுதான் புடிக்கும்" என்று நான் அழுதேன்.

அம்மா திரும்பி வந்தபோது முழங்கால் வரை செம்மண். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட நிற்காமல் நேராக வந்து என் நெற்றியைத் தொடக் கையை நீட்டினாள். நான் சயாமாவின் மடிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.